அண்ணி பேரில் வந்த கார்டு

ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. விமானத்தில் அடைத்துக்கொண்ட ஒரு காது மட்டும் இன்னும் திறக்கமாட்டேன் என்கிறது. உங்கள் இடுப்பு வலி தேவலையா? அண்ணன் எப்படி இருக்கிறான்?

நேற்று போனில் பேசியதைப் பேச்சில் சேர்க்க முடியாது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "கேக்குதா, கேக்குதா?" என்று அவன் கத்தியதுதான் எனக்குக் கேட்டது. வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், நீங்கள் கண்ணாடி தேடுவதற்குள் அவனே எடுத்து வீடு முழுக்கக் கேட்கிறமாதிரி படித்துவிடுவான். ஆகவே நீங்கள் சொன்னபடி உங்கள் தையல் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு வேளையில் கட்டிங் மேசையில் விரித்து நிதானமாகப் படியுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே விடுதி. மூன்றாவது மாடி, இரண்டு கட்டில், ஒரு அலமாரி. ஜன்னலைத் திறந்தால் கீழே சலவைக்கூடத்து ஆவி மேலே வருகிறது. கூடத் தங்கியிருப்பவள் வேறொரு நாட்டுக்காரி, என்னைப்போலவே டயாலிசிஸ் பயிற்சிக்கு வந்தவள். அவ்வளவு உயரம்! தொங்குகிற விளக்கில் தினமும் தலையை முட்டிக்கொள்கிறாள். மனசுக்குள் நெட்டை என்று பெயர் வைத்திருந்தேன், வாய் தவறி வந்துவிட்டது. அர்த்தம் கேட்டாள். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உனக்கு என்ன பேரு?" என்றாள். வீட்டில் என்னைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள் என்றேன். இப்போது வார்டு முழுக்க நாங்கள் நெட்டையும் பொடிசும்தான். புது மெஷினின் திரை என் தலைக்கு மேலே இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் வேலை.

குளிருக்கு ஒரு கோட்டு வாங்கினேன், உங்கள் கார்டில். என் பெயர் அச்சடித்திருந்தாலும் அது உங்கள் கார்டுதானே! எனக்குத் தனியாகக் கிரெடிட் கார்டு தர எந்த பேங்கும் ஒத்துக்கொள்ளாதபோது, "என் கார்டோட ஒண்ணு கூடச் சேத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கினீர்களே, அதை நினைத்துக்கொண்டேதான் கடையில் நீட்டினேன். கார்டு என்றாலே வம்பு என்று அண்ணன் ஒரு வாரம் முறைத்ததும் நினைவு வந்தது.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் பார்த்த அந்த ரூம் என்ன ஆயிற்று? எழுதுங்கள்.

உங்கள் அன்பு மறவாத,
பொடிசு


பிப்ரவரி 1

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் வந்தது. காது திறந்ததா? என் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. குனிந்து குனிந்து காகிதம் வெட்டுகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்! உன் அண்ணன் சௌக்கியம். கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து வருகிற களைப்பில் சோபாவில் சாய்கிறார். டிவியில் ஒரு வண்டி வேகமாகப் போனால் போதும், வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து என்ன விழுந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரூம் விஷயம்தான் முதலில் எழுதவேண்டியது. சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார். மார்ச் முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்தால் போதுமாம். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். காலையிலிருந்து மாலைவரை நிழல் விழாத ஒரே சீரான வெளிச்சம். துணியின் நிறம் ஏமாற்றாது. நீளமேசை ஒன்று போட்டு, சின்னச் சின்னத் தையல் கடைக்காரர்களுக்கெல்லாம் காகிதப் பேட்டர்ன் வெட்டிக்கொடுக்கப் போகிறேன். இத்தனை வருஷம் கம்பெனிக்காரன் சட்டைக்குக் கழுத்து வெட்டினேன், இனி என் பெயரில் வெட்டலாம். மேசையின் அளவைக்கூடக் காகிதத்தில் வரைந்துவிட்டேன். உன் அண்ணனிடம் காட்டினேன். "இதுல கார் நிறுத்தலாம்" என்றார்.

கார்டு விஷயத்தில் கவனம். நீ வெளிநாடு போகிறாய் என்று பேங்கில் சொல்லிவைத்திருக்கிறேன். கடையில் கார்டை வாங்கிக்கொண்டு யாராவது உள்ளே போனால், நீயும் பின்னாலேயே போ. பணம் எடுக்கிற மெஷினில் கார்டு செருகுமிடத்தைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார். ஒட்டவைத்த எதுவும் ஆடும். பின் நம்பர் போடும்போது இன்னொரு கையால் மூடிக்கொள். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் "எங்க அண்ணிகிட்ட பேசுங்க" என்று சொல்லி வைத்துவிடு. அந்த அண்ணி எப்படிப் பேசுவாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், நெட்டைக்கு மொழிபெயர்த்தும் சொன்னேன். கார் நிறுத்துகிற மேசை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காது திறந்துவிட்டது. உங்கள் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா இல்லையா? உண்மையை எழுதுங்கள்.

வேலை பிடிபட்டுவிட்டது. காலையில் நோயாளிகளை எடை பார்த்து உட்காரவைத்து, குழாய்களில் காற்றில்லாமல் உப்புநீர் நிரப்பி, ஊசி போட்டால் நாலு மணி நேரம். ரத்தம் போகிற குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது சரியாக ஓடுகிறது என்பதற்கு எனக்கு அதுதான் முதல் அடையாளம், திரையில் வரும் எண்ணெல்லாம் அப்புறம். ஒரு நோயாளி ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர். நான் ஸ்டூலில் ஏறும்போதெல்லாம் "பாத்து, பாத்து" என்று அவர்தான் பயப்படுகிறார். போன வாரம் இங்கிருக்கிற மேற்பார்வையாளர், பயிற்சி முடிந்ததும் எனக்கு நல்ல சான்று தருவதாகச் சொன்னார். அது கிடைத்தால் நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்கும் நிமிர்ந்து போகலாம்.

நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறேன். மருந்துக்கடை மெஷினில் கார்டு செருகுமிடத்தை ஆட்டிய ஆட்டத்தில் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். "உடைக்காதேம்மா, அது வாடகை மெஷின்!" என்றார்.

அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே எழுதுங்கள். நான் இங்கே எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
பொடிசு


மார்ச் 6

அன்புள்ள பொடிசுக்கு,

அன்றைக்குப் போனில் நீ அழுததுதான் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அதை முதலில் நம்பு.

நடந்ததை நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். காலையில் எழுந்து போனைப் பார்த்தால் வரிசையாக பேங்க் செய்திகள். நீ இருக்கிற ஊரில் ஒவ்வொரு மெஷினாகப் போய் உன் கார்டில் பணம் எடுத்திருக்கிறார்கள். எடுக்க முடிந்த கடைசி வரைக்கும் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாமல் பார்த்ததால் முதலில் ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். உன் அண்ணன்தான் வாயில் பிரஷ்ஷோடு பேங்குக்குப் போன் போட்டு, நுரையோடு பேசி, கார்டை நிறுத்தச் சொன்னார். உன்னைக் கூப்பிட்டால் நீ டூட்டியில் இருந்தாய். டூட்டி முடிந்து நீ கூப்பிட்டு, கார்டு என் பையிலேயே இருக்கிறதே என்று சொன்னதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. உன்னை யாரும் அடித்துப் பிடுங்கவில்லை. அது போதும் எனக்கு.

உன் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று அன்று முழுக்கக் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த மனுஷனுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் இரண்டு முட்டை கூடப் போட்டுப் பொரித்துக்கொடுத்தேன்.

பேங்கில் எழுதிக்கொடுத்திருக்கிறோம். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ பயிற்சியை மட்டும் பார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீங்கள் இருவரும் தூங்குகிறீர்களா?

எப்படி நடந்திருக்கும் என்று யோசித்து யோசித்து ஒரு நாளில் வந்து நிற்கிறேன். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் ஒரு பணமெஷின் இருக்கிறது. அன்று நல்ல மழை. ஒரு கையில் கேன்டீனில் வாங்கிய சூப்புக் கிண்ணம். இடைவேளை முடியப்போகிறது. நான் ஆட்டியும் பார்க்கவில்லை, கையால் மூடவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற மெஷின்தானே என்று நினைத்துவிட்டேன். நீங்கள் அவ்வளவு எழுதியும் இப்படிச் செய்தேனே என்று, சூப்பைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. நெட்டை அவள் சாப்பாட்டு டோக்கனில் பாதியை எனக்கு வெட்டிக்கொடுக்கிறாள். வேண்டாம் என்றால், "நீ பொடிசு, உனக்குப் பாதி போதும்" என்கிறாள். அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேனோ.

பேங்கில் என்ன சொன்னார்கள்? அந்தப் பணத்தைத் திருப்பித் தருவார்களா? ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா? மாதம் முடியப்போகிறதே. எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
பொடிசு


ஏப்ரல் 5

அன்புள்ள பொடிசுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும். இங்கே வெயில் ஏறிவிட்டது. கம்பெனியில் பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது, நிமிர நேரமில்லை. சின்னப் பிள்ளைகளின் கையளவுக்குக் காகிதம் வெட்டும்போது உன் ஞாபகம்தான்.

உன் அண்ணனிடம் ஒரு பல் டாக்டர் கார் ஓட்டப் பழகுகிறார். திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாராம். "உங்ககிட்ட பல் காட்ட வர்றவங்கதான் கண்ண மூடணும், நீங்க இல்ல" என்று சொல்லியிருக்கிறார் உன் அண்ணன்.

பேங்க் வேலை நடந்துகொண்டிருக்கிறது. விடுதி ஆபீஸ் கணக்குக்குக் கைச்செலவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறோம். கேட்டு வாங்கிக்கொள். அந்தப் பெண்ணின் டோக்கனைத் திருப்பிக் கொடு. சூப்பின் மேல் கோபப்படாதே. குளிருக்கு அதுதான் நல்லது.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? உன் டிரைவிங் ஸ்கூல் விலாசத்துக்கு எழுதுகிறேன் என்று ஆச்சரியப்படாதே. அண்ணியிடம் ரூம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதினேன். ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் பல் டாக்டர் வருகிறார், சூப் வருகிறது, ரூம் வரவில்லை. பேங்கைப் பற்றியும் ஒரே வரி. அண்ணி ஒரு விஷயத்தை இப்படிச் சுற்றிப் போனால் அதற்கு நடுவில் ஏதோ இருக்கிறது என்று உனக்குத் தெரியும்தானே? போனில் கேட்டால் நீங்கள் இருவரும் சேர்ந்தே "எல்லாம் சரியாயிருக்கு" என்கிறீர்கள்.

அண்ணா, நான் பச்சைக்குழந்தை இல்லை. உள்ளதை எழுது.

உன் தங்கை,
பொடிசு


ஏப்ரல் 28

பொடிசு,

நாங்கள் நலம். நீ நலமா? எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. கிளட்ச், பிரேக், கியர் என்று பலகையில் எழுதுவதோடு சரி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நான் எழுதியது உன் அண்ணிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் என் சாப்பாட்டில் முட்டை இருக்காது.

மார்ச் நடுவில் பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போனோம். கார்டுப் பிரிவில் ஒரு அதிகாரி அம்மா. மரியாதையாகத்தான் பேசினார். "பின் நம்பர சரியாப் போட்டுத்தான் எடுத்திருக்காங்க. கார்டும் அவங்க கையிலயே இருக்குங்கறீங்க. அப்ப வேற யாரும்மா எடுத்திருக்க முடியும்?" என்றார்.

"அதத்தான் உங்ககிட்ட கேக்க வந்தோம்" என்றாள் உன் அண்ணி.

"அவ அந்த நேரம் டூட்டில இருந்தா மேடம்" என்று நான் சொன்னேன்.

"இருக்கட்டும் சார். கார்ட வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்பியிருக்கலாம்ல? வெளிநாடு போற சின்னவங்க நிறையப் பேர் இப்படிச் செஞ்சுட்டு, வீட்டுக்குப் பயந்து களவு போச்சுன்னு சொல்லிடறாங்க. நீங்க உங்க நாத்தனார் மேல ஒரு புகார் எழுதிக் குடுங்க. விசாரணை முடியற வரைக்கும் பில்ல நிறுத்தி வைக்க எனக்கும் ஒரு வழி கிடைக்கும்" என்று காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தினார்.

உன் அண்ணி பேனாவை எடுத்தாள். "புகார் குடுத்தா என்ன ஆகும்?" என்றாள்.

"போலீசுக்குப் போகும். அவங்க பயிற்சி எடுக்கற இடத்துக்கு எழுதிக் கேப்பாங்க."

"அப்புறம் அவ வேலை?"

"அது எங்க கையில இல்லம்மா."

உன் அண்ணி பேனாவை மூடி, அந்தப் பக்கமே தள்ளிவைத்தாள். குரல் உயரவே இல்லை. "அவ பத்தாவது படிக்கறப்ப நான் அந்த வீட்டுக்குள்ள வந்தேன். என் கைப்பை அன்னிலேர்ந்து ஆணியில திறந்தேதான் தொங்குது. பஸ்ஸுக்குச் சில்லறை வேணும்னாக்கூட நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் நின்னு, கேட்டு வாங்கிட்டுத்தான் ஓடுவா. பஸ்ஸ விட்டிருக்கா, பையில கைய விட்டதில்ல. அவ எடுத்தான்னு நான் எழுதணுமா?"

அந்த அம்மா காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நீங்க நம்பறீங்க, சரி. கம்ப்யூட்டர்ல நம்பிக்கைக்குன்னு ஒரு கட்டம் இல்லையேம்மா" என்றார்.

"கட்டம் இல்லன்னா விட்ருங்க. பில்ல நான் கட்டிடறேன். யாரோ வெளியாள் எடுத்துட்டான்னு மட்டும் எழுதிக்குங்க. அந்தப் புகார மூடிராதீங்க. என்னிக்காவது தெரிய வரும்."

நான் என்ன செய்தேன் என்று கேள். பக்கத்தில் உட்கார்ந்து வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பில் கட்டியாயிற்று. எதை வைத்துக் கட்டினாள் என்று நீயே புரிந்துகொள்வாய். ரூமைப் பற்றி ஒருதரம் கேட்டேன். "வெளிச்சம் போதாதுங்க" என்றாள். வடக்கு ஜன்னல், வெளிச்சம் போதாதாம்! அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நீ அழக்கூடாது. அவள் செய்தது நீ அழுவதற்காக இல்லை.

அண்ணன்


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு நலம்தானே? நான் நன்றாக இருக்கிறேன், இத்தனை மாதத்தில் இன்றுதான் உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன். நீண்ட கடிதம் இது. மேசையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. ஏன் அன்றைக்கு என்று எழுதமாட்டேன். வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து நெட்டையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதுவரை அவளுக்குக் கார்டு தொலைந்தது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்புறம், "எனக்கும் போச்சு, பொடிசு" என்றாள். "அதே கீழ்த்தள மெஷின். அதே வாரம். படிச்சவ இப்படி ஏமாந்தேன்னு எப்படி வெளிய சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன்." தன் பணமும் போன நிலையில்தான் அண்ணி, அவள் எனக்குப் பாதிச் சாப்பாடு கொடுத்திருக்கிறாள்!

இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு ஒரே அறையில் இருந்தால், இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? மறுநாள் கேன்டீன் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினேன். "கீழ்த்தள மெஷினில் கார்டு போட்டபின் என் பணம் களவு போனது. உங்களுக்கும் போயிருந்தால் டயாலிசிஸ் வார்டுக்கு வந்து சொல்லுங்கள். ஸ்டூல் மேல் நிற்பவள் நான்தான்."

முதல் நாள் யாரும் வரவில்லை. ஒருவர் மட்டும் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலையில் ஒரு பெரிய சர்ஜன் வார்டுக்கு வந்தார். மெஷினைப் பார்ப்பதுபோல நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, காதோடு சொன்னார்: "எனக்கும்தான். என் மனைவிக்குத் தெரியாது." முந்தின நாள் சிரித்தவரும் அவர்தான்! பின்னாலேயே கேன்டீன் கல்லாவில் உட்காரும் அம்மா வந்தார். நம் முடிதிருத்துபவர் நாற்காலியில் படுத்தபடியே, "என் பொண்டாட்டி அந்த மெஷின்லதான் எடுத்தா, நான் அவளத்தான் திட்டிட்டு இருக்கேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். குழாயோடு எழுந்தால் என்ன ஆவது! அமுக்கி உட்காரவைத்தேன்.

எல்லோருமாகச் சேர்ந்து போலீசுக்குப் போனோம். நெட்டை முன்னால் போனாள், நான் கடைசியில். அவள்தான் தலைவி என்று நினைத்து எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார்கள். அவள் என்னைத் தூக்காத குறையாக முன்னால் நிறுத்தினாள். தனித்தனியாகப் போயிருந்தால், நீங்களே எங்காவது கவனக்குறைவாக இருந்திருப்பீர்கள் என்று அனுப்பியிருப்பார்கள். இத்தனை பேர், ஒரே மெஷின், ஒரே வாரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மெஷின் வைத்த கம்பெனியிடமிருந்து கேமராப் பதிவை வாங்கினார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் அது தானாகவே அழிந்திருக்குமாம்.

அடையாளம் காட்ட எங்களையும் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினார்கள். ரிப்பேர்காரன் உடுப்பில் ஒருத்தன் பெட்டியோடு வருகிறான். கார்டு செருகுமிடத்தில், கார்டை நகலெடுக்கிற எதையோ பொருத்துகிறான், எண் அழுத்துமிடத்துக்கு மேலே ஒரு மெல்லிய பட்டையை ஒட்டுகிறான். அதில்தான் கேமரா. வாரக் கடைசியில் வந்து கழற்றிக்கொண்டு போகிறான். நடுவில் நானும் வருகிறேன் அண்ணி. சூப் சிந்திவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம் எனக்கு, பின் நம்பரை ஊருக்கே காட்டியபடி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சூப்போடு எனக்குச் சமாதானமாகிவிட்டது.

போலீஸ் அறிக்கை உங்கள் பேங்குக்கு நேராகப் போயிருக்கிறது. ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன்.

நிறைந்த அன்புடன்,
பொடிசு


ஜூன் 20

அன்புள்ள பொடிசுக்கு,

நாங்கள் மிக நலம். உன் கடிதத்தைக் கட்டிங் மேசையில் படித்துக்கொண்டே சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி என்னவோ ஏதோவென்று கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு அவளுக்கும் படித்துக்காட்டினேன். சர்ஜன் இடத்தில் அவளும் சிரித்தாள்.

பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள். எடுத்ததெல்லாம் திரும்ப வந்துவிட்டது. வாங்கிய வட்டியையும் திருப்பித் தந்துவிட்டார்கள். அங்கே ஒரு அதிகாரி அம்மா இருக்கிறார், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "விடுங்க மேடம், நீங்க உங்க வேலையத்தான் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டேன். புகாரை மூடாமல் அவர் திறந்தே வைத்திருந்தாராம். இல்லாவிட்டால் இந்த அறிக்கை வந்தும் இன்னும் இழுத்திருக்கும். அவர் நன்றாக இருக்கட்டும்.

"உங்க நாத்தனார் பேர்ல இருக்கற கார்ட மூடிடலாமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன், "எதுக்கு மூடணும்? புதுசா ஒண்ணு போடுங்க. பேர மட்டும் எழுத்துப் பிழையில்லாமப் போடுங்க" என்றார். யார் சொல்கிறார் பார்!

பஸ் ஸ்டாப் ரூமில் மூக்குக்கண்ணாடிக் கடை வந்துவிட்டது. அது வெளிச்சம் போதாது என்று நானே விட்டதுதான். இப்போது தபால் ஆபீஸ் தெருவில் வேறொன்று பார்த்திருக்கிறேன். ஜன்னல் மேற்கே. மாலையில் வெயில் நேராக அடிக்கும், திரை போட்டுக்கொள்ளலாம். மேசை கொஞ்சம் சின்னதாகத்தான் போடமுடியும். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

நெட்டைக்கு என் அன்பைச் சொல். அவள் அளவுகளை எடுத்து அனுப்பு. அவ்வளவு உயரத்துக்கு நான் இதுவரை பேட்டர்ன் போட்டதில்லை. ஒரு மேல்சட்டை தைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் இனி நேரிலேயே விசாரிக்கலாம். மாதக் கடைசியில் கிளம்புகிறேன். சான்று கைக்கு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் தன் கையால் இரண்டு வரி கூட எழுதியிருக்கிறார்.

நெட்டையின் அளவு தனித்தாளில் இருக்கிறது. கையின் நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நான் சரியாகத்தான் எடுத்தேன். மேல்சட்டை என்றதும் அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் பணம் திரும்பக் கிடைத்தது. சர்ஜன் வீட்டில் சொல்லிவிட்டாராம். அவர் மனைவி எங்கள் வார்டுக்குப் பெரிய கேக் கொடுத்தனுப்பினார். முடிதிருத்துபவரின் மனைவி இப்போது அவரைத் திட்டுகிறார். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்.

பஸ் ஸ்டாப் ரூமில் வெளிச்சம் போதாது என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடிக் கடைக்காரருக்குப் போதும்போலிருக்கிறது. சரி, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணி, எனக்கு ஒன்று வேண்டும். வீட்டுக்கு வந்த அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது.

என்றும் உங்கள்,
பொடிசு


ஜூலை 14

அன்புள்ள பொடிசுக்கு,

நலமாக வந்து சேர். உன் அண்ணன் இரண்டு மாதமாக என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. ஏதோ செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என்ன என்று அவரையும் நான் கேட்கவில்லை.

நீ வருகிற அன்றைக்குக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். அடுப்பு வேலையையெல்லாம் முதல் நாளே முடித்துவைத்துவிடுகிறேன்.

நீ கேட்டபடியே உட்கார்ந்திருப்போம். ஏன் என்று கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே.

அண்ணி